கல்யாணத்தில் வந்தது, பாகத்தில் போனது: ஒரு பிரெஞ்சு ஒயின் தோட்டத்தின் கதை

பிரெஞ்சு ஒயின் தோட்டங்களின் வரலாற்றைப் படிக்கப் போனால் மண், மழை, திராட்சை ரகம் என்றுதான் தொடங்கும். கொஞ்ச தூரம் போனதும் அது சொத்துக் கதையாகிவிடும். எந்த வீட்டுப் பெண்ணை எந்த வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள், கூடவே எவ்வளவு நிலம் போனது, பிள்ளை இல்லாத சித்தப்பா யாருக்கு எழுதிவைத்தார், அண்ணனும் தம்பியும் எப்போது கோர்ட்டுக்குப் போனார்கள் என்பதெல்லாம்தான் அங்கே நடந்த வரலாறு. ஒயினைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களும், ஏன், தொட்டே பார்க்காதவர்களும் இதைப் புரிந்துகொள்ளலாம். பாகப்பிரிவினை என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் போதும்.

உதாரணத்துக்கு போர்தோ பகுதியிலுள்ள ஷாத்தோ ஈகெம் தோட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். நானூறு ஆண்டு ஒரே வம்சத்தின் கையில் இருந்துவிட்டு, 1990களின் கடைசியில் கையைவிட்டுப் போன தோட்டம் அது. இன்றைக்கும் குடும்பத்திடமே இருக்கும் தோட்டங்கள் நிறைய உண்டு. ஆனால் ஒரு ஏற்பாடு இத்தனை நாள் எப்படி நின்றது என்பது, அது உடைந்த இடத்தில்தான் பளிச்சென்று தெரிகிறது.

குடும்பத் தோட்டம் என்றால் என்ன?

பிரான்சில் திராட்சை பயிரிடுகிறவர்கள் எல்லாரும் ஒயின் செய்வதில்லை. பலர் பழத்தைக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போட்டுவிடுகிறார்கள். சிலர் பழமாகவோ, பிழிந்த சாறாகவோ, பீப்பாயில் இருக்கும் புது ஒயினாகவோ வியாபாரிகளுக்கு விற்கிறார்கள். இந்த வியாபாரிகளுக்கு நெகோசியான் என்று பெயர். பல இடத்துச் சரக்கை வாங்கிக் கலந்து தங்கள் பெயரில் விற்பது அவர்கள் தொழில்.

இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வகைதான் நாம் பார்க்கப்போகும் தோட்டம். நிலம், கொடி, பழம் பிழியும் இடம், பீப்பாய்கள் அடுக்கிய நிலவறை எல்லாம் ஒரே உரிமையாளருடையவை. போர்தோ பக்கம் இதை ஷாத்தோ என்பார்கள், பர்கண்டி பக்கம் தொமேன். ஷாத்தோ என்று பெயர் இருப்பதால் கோட்டை கொத்தளம் எல்லாம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒரு சாதாரண வீடும் பக்கத்தில் கொட்டகையும் இருந்தாலும் ஷாத்தோதான்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. இருபதாம் நூற்றாண்டு தொடங்கி வெகுநாள் வரைக்கும் போர்தோவின் பெரிய தோட்டங்கள்கூடத் தங்கள் ஒயினில் பெரும்பகுதியைத் தாங்களே பாட்டிலில் அடைத்ததில்லை. பீப்பாயோடு வியாபாரியிடம் கொடுத்துவிடுவார்கள். முதிரவைப்பது, அடைப்பது எல்லாம் அவர் பாடு. நடுவில் என்ன கலந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. 1924-ல் மூத்தோன் தோட்டத்தின் பிலிப் த ரோத்ஷில்ட் என்ற 22 வயது இளைஞர், மொத்த அறுவடையையும் தோட்டத்திலேயே அடைத்து அனுப்புவது என்று முடிவெடுத்து மற்ற பெரிய தோட்டங்களையும் இழுத்துவந்தார். "ஷாத்தோவில் அடைக்கப்பட்டது" என்ற வரிக்கு லேபிளில் மதிப்பு வந்தது அதற்குப் பிறகுதான்.

அப்புறம், குடும்பம் ஏன் முக்கியம்? இந்தப் பயிரின் காலக்கணக்கு அப்படி. கொடியை நட்டால் மூன்றாம் வருடம்தான் ஒயினுக்கு ஆகும் பழம் கிடைக்கும். அதுவும் சுமார் ரகம்தான். பதினைந்து, இருபது வயதான கொடியைத்தான் நல்ல கொடி என்று மதிப்பார்கள். நாற்பது, ஐம்பது வயதுக் கொடிகள் சாதாரணமாக நிற்கும். நடுகிறவர் ஒருவர், அதன் நல்ல பழத்தைப் பார்க்கிறவர் அவர் பிள்ளை அல்லது பேரன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாபக்கணக்கு கேட்கும் முதலாளிக்கு இது ஒத்துவராத தொழில்.

ஈகெம் குடும்பத்துக்கு வந்த விதம்

போர்தோ நகரத்துக்குத் தெற்கே கரோன் ஆற்றின் ஓரமாக ஸோத்தேர்ன் என்ற சிறிய வட்டாரம். இனிப்பான வெள்ளை ஒயினுக்குப் பேர்போனது. அங்கே ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது ஈகெம். தோட்டம் கிட்டத்தட்ட 280 ஏக்கர்.

இந்தப் பகுதியே ஒரு காலத்தில் இங்கிலாந்து ராஜாவின் கையில் இருந்தது. போனதும் ஒரு கல்யாணத்தால்தான்: அக்கித்தேன் சீமையின் வாரிசான எலியனோர் 1152-ல் மணந்தவர், இரண்டே வருடத்தில் இங்கிலாந்துக்கு ராஜாவாகிவிட்டார். முன்னூறு வருடம் கழித்து, 1453-ல்தான் சீமை பிரெஞ்சு அரசரிடம் திரும்பியது. அதன்பின் 1593-ல் ஈகெம் நிலத்தின் அனுபவ உரிமையை ஜாக் ஸோவாஜ் என்ற உள்ளூர்ப் பெரிய மனிதர் அரசரிடமிருந்து பெற்றார். அனுபவ உரிமைதான், முழுச் சொந்தம் இல்லை. முழு உரிமை அந்தக் குடும்பத்துக்கு வந்தது 1711-ல்.

இதே வட்டாரத்தில் லூர்-சலூஸ் என்று இன்னொரு குடும்பம். இவர்கள் சொத்துச் சேர்த்த விதம் சுவாரசியமானது. 1472-ல் ஒரு கல்யாணம்: ஃபார்க் கோட்டையும் நிலமும் வந்தன. 1702-ல் இன்னொன்று: மால் தோட்டம் வந்தது. 1785-ல் ஸோவாஜ் வீட்டுப் பெண் பிரான்சுவாஸ் ஜோசஃபீனை மணந்ததில் ஈகெம் வந்தது. 1807-ல் அடுத்த தலைமுறைக் கல்யாணத்தில் ஃபிலோ, கூத்தே என்ற இரண்டு தோட்டங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸோத்தேர்ன் வட்டாரத்தின் பெயர்பெற்ற தோட்டங்களில் ஐந்து ஒரே குடும்பத்தின் கையில். இவற்றில் ஒன்றைக்கூட ஏலத்தில் எடுக்கவில்லை. எல்லாம் மருமகள்களோடு வந்தவை.

ஜோசஃபீன்

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த பாத்திரம் இவர்தான். பிறந்தது 1768. பதினேழு வயதில் கல்யாணம். கணவர் லூயி-அமதே குதிரைப்படை அதிகாரி, பதினைந்தாம் லூயி மன்னர் ஞானத்தந்தையாக நின்ற பிள்ளை. கல்யாணமாகி மூன்றே வருடத்தில், 1788-ல், குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனார். இருபது வயதில் ஜோசஃபீன் கைம்பெண்.

அடுத்த வருடமே பிரெஞ்சுப் புரட்சி. பிரபுக்கள் நாட்டைவிட்டு ஓடினார்கள். ஓடியவர்களின் நிலத்தை அரசு பறிமுதல் செய்து ஏலம் விட்டது. ஜோசஃபீன் ஓடவில்லை. இரண்டு முறை சிறையில் போட்டார்கள். இரண்டு முறையும் உயிரோடு வெளியே வந்து, தோட்டத்தையும் காப்பாற்றிக்கொண்டார். அக்காலத்தில் ஒரு பிரபு வீட்டுப் பெண்ணுக்கு இது சாதாரணக் காரியமில்லை.

அதன்பின் அவர் செய்தது வியாபாரம். புரட்சிக்கு முன்பே ஈகெமுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் உண்டு. அமெரிக்காவின் தூதராகப் பாரிஸில் இருந்த தாமஸ் ஜெஃபர்சன் 1787-ல் கடிதம் எழுதி 250 பாட்டில் கேட்டிருந்தார். நாடு திரும்பிய பிறகு ஜனாதிபதி வாஷிங்டனுக்கும் சேர்த்து ஆர்டர் போட்டார். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஜோசஃபீன் 1826-ல் தோட்டத்திலேயே பெரிய ஒயின் கூடம் கட்டினார். விளைச்சலை வந்த விலைக்குத் தள்ளிவிடாமல், வைத்திருந்து விற்கலாம் என்ற தைரியம் அந்தக் கூடத்தில் இருக்கிறது. மகன் தனக்கு முன்பே இறந்துவிட, பொறுப்பைப் பேரனிடம் கொடுத்துவிட்டு 1851-ல் காலமானார். அறுபது வருடத்துக்கும் மேல் ஒரே கையில் நிர்வாகம்.

பிரெஞ்சு ஒயின் வரலாற்றில் இப்படிக் கைம்பெண்கள் நிறையப் பேர் வருவார்கள். ஷாம்பெயின் பகுதியில் 1805-ல் 27 வயதில் கணவரை இழந்த மதாம் கிளிக்கோவின் பெயர் இன்றும் பாட்டிலில் இருக்கிறது. இதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. அன்றைய சட்டத்தில் கல்யாணமான பெண் கணவர் அனுமதி இல்லாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது. கணவர் இறந்தால் போடலாம். கெட்டிக்காரப் பெண்ணுக்குத் தொழில் நடத்த வழி திறந்தது கணவரின் மரணத்தால்தான் என்பது அந்தக் காலத்தின் லட்சணம்.

அழுகிய பழத்தில் வரும் பணம்

ஈகெம் என்ன விற்றது என்று சொல்லாமல் குடும்பக் கணக்கு புரியாது. ஏனென்றால் இந்த ஒயின் செய்யும் முறையே ஒரு சூதாட்டம்.

ஸோத்தேர்ன் அருகே சிரோன் என்ற சின்ன ஆறு காட்டு நிழலில் ஓடிவந்து கரோனில் கலக்கிறது. அதன் தண்ணீர் குளிர்ச்சி, கரோன் தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பு. இலையுதிர்காலக் காலை நேரங்களில் இரண்டும் சேருமிடத்தில் பனிமூட்டம் எழுந்து தோட்டங்களை மூடும். அந்த ஈரத்தில் போட்ரிடிஸ் சினரியா என்ற பூஞ்சை திராட்சைமேல் வளரும். மதியம் வெயில் அடித்து ஈரம் காய்ந்தால் நல்லது. பூஞ்சை தோலில் கண்ணுக்குத் தெரியாத துளை போட்டிருக்கும். அதன் வழியே பழத்திலுள்ள தண்ணீர் ஆவியாகி, சர்க்கரையும் புளிப்பும் வாசனையும் உள்ளே செறிந்து நிற்கும். வெயில் வராமல் மழை பிடித்துக்கொண்டால் அதே பூஞ்சை பழத்தை வெறும் அழுகலாக்கிவிடும்.

பார்க்க அசிங்கமாக இருக்கும். மஞ்சள் பழம் ஊதா கலந்த பழுப்பாகி, சுருங்கி, மேலே சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருக்கும். ஒரே குலையில் நாலு பழம் இப்படி ஆகியிருக்கும், பக்கத்துப் பழங்கள் பளபளவென்று அப்படியே இருக்கும். அதனால் குலையாக வெட்ட முடியாது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள் சின்னக் கத்தரியோடு வரிசை வரிசையாகப் போய், சுருங்கிய பழத்தை மட்டும் எடுப்பார்கள். மற்றவை சுருங்கும்வரை காத்திருந்து மறுபடி வருவார்கள். ஒரு பருவத்தில் ஐந்தாறு முறை இப்படி நடக்கும். அறுவடை சில வருடங்களில் நவம்பரைத் தாண்டியும் இழுக்கும். அத்தனை நாளும் கூலி ஓடும்.

இவ்வளவுக்கும் பிறகு ஏக்கருக்கு 360 லிட்டர் அளவில்தான் ஒயின் தேறும். ஸோத்தேர்ன் சட்டம் அனுமதிப்பதே ஆயிரம் லிட்டர்தான், ஈகெம் அதில் பாதிகூட எடுப்பதில்லை. ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் என்று அங்கே சொல்வார்கள். பிறகு, குடும்பத்தின் காலத்தில், ஓக் மரப் பீப்பாயில் மூன்று வருடம் வைத்திருப்பார்கள். அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும்.

வருடம் சரியில்லை என்றால்? ஈகெம் என்ற பெயரில் விற்கவே மாட்டார்கள். 1964, 1972, 1974, 1992, 2012 ஆகிய அறுவடைகளில் ஈகெம் ஒயின் கிடையாது. ஒரு வருட வருமானமே வேண்டாம் என்று ஒதுக்க, பொறுமையான முதலாளி வேண்டும். குடும்பச் சொத்தாக இருந்தபோது இந்தப் பொறுமையைக் குடும்ப கௌரவம் என்றார்கள். நிறுவனம் வாங்கிய பிறகும் 2012-ல் அதையே செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். குடும்பம் வைத்திருந்தால்தான் தரம் நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது.

நல்ல காலத்தில் பணம் கொட்டியது. 1855-ல் மூன்றாம் நெப்போலியன் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ ஒயின்களைத் தரம் பிரிக்கச் சொன்னபோது, இனிப்பு வெள்ளை ஒயின்களில் "உயர் முதல் தரம்" என்று ஈகெமுக்கு மட்டும் தனி வரிசை கொடுத்தார்கள். 1859-ல் ரஷ்யச் சக்கரவர்த்தியின் தம்பி கான்ஸ்டன்டைன், 1847-ஆம் வருட ஈகெம் 900 லிட்டருக்கு 20,000 தங்க ஃபிராங்க் கொடுத்தார். ஊரே வாயைப் பிளந்த விலை அது.

1804: நோட்டரி உள்ளே வருகிறார்

இனி சட்டத்துக்கு வருவோம், அதாவது உயிலும் பாகப்பத்திரமும் எழுதும் நோட்டரியிடம். புரட்சிக்கு முன் பிரபு வீடுகளில் மூத்த மகனுக்கே பெரும் பங்கு. புரட்சி அந்த மூத்தவர் உரிமையை ஒழித்தது. 1804-ல் நெப்போலியன் கொண்டுவந்த சிவில் சட்டம் இன்னும் தெளிவாகச் சொன்னது: பிள்ளைகள் எல்லாருக்கும் சம பங்கு, பெண்ணுக்கும் சேர்த்து. உயில் எழுதி ஒரு பிள்ளையை முழுதாக விலக்க முடியாது. ஒரு பிள்ளை என்றால் சொத்தில் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றும் அதற்கு மேலும் என்றால் நான்கில் மூன்று பங்கு கட்டாயம் பிள்ளைகளுக்கு. மிச்சத்தைத்தான் அப்பா இஷ்டப்பட்டவருக்குக் கொடுக்கலாம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது கேள்விப்பட்ட சட்டமாக இருக்கும். 1881-ல் வந்த ஆணைப்படி தங்கள் பழைய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பங்கள், அதாவது ரெனோன்சான்கள், இதே வாரிசு விதிகளுக்குள் வந்தார்கள்.

நியாயமான சட்டம்தான். ஆனால் திராட்சைத் தோட்டத்துக்கு இது என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 ஏக்கர் தோட்டம், தலைமுறைக்கு மூன்று பிள்ளைகள். கொள்ளுப்பேரன் காலத்தில் 27 பங்கு. ஆளுக்கு ஒரு ஏக்கர்கூட இல்லை.

பர்கண்டியில் ஏறக்குறைய இதுதான் நடந்தது. அங்கே குளோ த வூஜோ என்ற தோட்டம், சிஸ்டெர்சியன் துறவிகள் மதில் கட்டி வளர்த்தது, சுமார் 125 ஏக்கர். புரட்சியில் பறிமுதலாகி விற்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல காலம் ஒரே உரிமையாளரிடம் இருந்தும், 1889-ல் பலர் கைக்குப் பிரிந்தது. இன்று அந்த ஒரே மதிலுக்குள் எண்பதைத் தொடும் உரிமையாளர்கள். சிலருக்குச் சில வரிசைக் கொடிகள் மட்டும். ஒரே பெயர் போட்ட எண்பது விதமான ஒயின்.

பர்கண்டி லேபிளை வாங்கும்போது குழம்புவதும் இதனால்தான். வோன்-ரோமனே ஊரில் குரோ என்ற குடும்பம் இருக்கிறது. ஆன் குரோ, மிஷெல் குரோ, ஆ.எஃப். குரோ, குரோ ஃபிரேர் ஏ சேர் என்று நான்கு தோட்டங்கள். எல்லாம் ஒரே தாத்தா வழி, இப்போது தனித்தனிக் கணக்கு, தனித்தனி ஒயின். எனவே அங்கே குடும்பப் பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது, முன்னால் இருக்கும் பெயரையும் படிக்க வேண்டும். கோஷ்-துரி என்பதுபோல் இரட்டைப் பெயராக இருந்தால் பெரும்பாலும் இரண்டு குடும்பங்கள் கல்யாணத்தில் இணைந்த கதை. நிலம் துண்டாகத் துண்டாக, பக்கத்துத் துண்டு வைத்திருக்கும் வீட்டில் சம்பந்தம் பேசுவதும் நடக்கத்தானே செய்யும்.

நிலத்தைப் பிரிக்காதே, பங்கைப் பிரி

போர்தோ வேறு வழி கண்டது. நிலத்தை ஒரு கம்பெனியின் பெயரில் வைப்பது, வாரிசுகளுக்குக் கம்பெனிப் பங்குகளைக் கொடுப்பது. கொடிகள் ஒன்றாக நிற்கும், பெயர் ஒன்றாக இருக்கும், வருமானம் மட்டும் பிரியும். பர்கண்டியிலும் சிலர் பிறகு இதைக் கற்றுக்கொண்டார்கள். உலகின் மிக விலையுயர்ந்த ஒயின்களைத் தரும் ரோமனே-கொந்தி தொமேன், 1942-லிருந்து ஒரு கம்பெனியாக இரண்டு குடும்பங்களுக்குப் பொதுவாக இருக்கிறது. 1970-ல் பிரெஞ்சு அரசே விவசாய நிலங்களுக்கென்று இப்படி ஒரு கூட்டுடைமை வடிவத்தைச் சட்டமாக்கியது.

இது அருமையான ஏற்பாடு, ஒரு கட்டம் வரைக்கும். பங்கு தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்துக்கொண்டே போகும். பாரிஸில் வேலை பார்க்கும் ஒருவருக்கு அம்மா வழியில் மூன்று சதவீதம் வந்திருக்கும். வருடத்துக்குக் கிடைக்கும் லாபப் பங்கு சொற்பம், வருடம் கெட்டால் அதுவும் இல்லை. ஆனால் அந்த மூன்று சதவீதத்தின் சந்தை மதிப்பு பல லட்சம். வாரிசு வரியும் அந்தச் சந்தை மதிப்பின்மேல்தான், அறுவடை வருமானத்தின்மேல் இல்லை. தோட்டத்தை நடத்துகிற உறவினருக்கு அது உயிர். தூரத்தில் இருப்பவருக்கு விற்க முடியாத ஒரு காகிதம். இருவர்மேலும் தப்பில்லை.

லூர்-சலூஸ் குடும்பத்தில் இது படிப்படியாக நடந்தது. கூத்தே 1920களில் கைமாறியது. ஃபிலோ 1935-ல் பெர்த்ராண் த லூர்-சலூஸின் சகோதரி பக்கம் போனது. மால் இன்னொரு கிளைக்குப் போனது. ஈகெமைப் பெர்த்ராண் நடத்திவந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. 1968-ல் அவர் இறந்ததும் நிர்வாகம் அவருடைய சகோதரரின் மகன்களான அண்ணன் தம்பி இருவரில் இளையவரான அலெக்சாந்தரிடம் வந்தது. அப்போது அவருக்கு 34 வயது. அதிகப் பங்குகள் இருந்ததோ அண்ணன் எஜேனிடம்.

நடத்துகிறவர் ஒருவர், பெரும் பங்கு வைத்திருப்பவர் இன்னொருவர். உலகத்தில் எந்தக் குடும்பத் தொழிலிலும் இப்படி இருந்தால் என்றைக்காவது வெடிக்கும். முப்பது வருடம் தாங்கியதே பெரிய விஷயம்.

1996-ல் எஜேனும் வேறு பல உறவினர்களும் தங்கள் பங்குகளை எல்.வி.எம்.ஹெச். என்ற ஆடம்பரப் பொருள் நிறுவனத்துக்கு விற்க ஒப்புக்கொண்டார்கள். லூயி வித்தோன் பைகளையும் மோயே ஷாம்பெயினையும் விற்கும் அதே நிறுவனம். சேர்ந்தது பாதிக்கு மேல். அலெக்சாந்தர் எதிர்த்து நீதிமன்றம் போனார். இரண்டு வருடத்துக்கு மேல் வழக்கு நடந்தது. 1999-ல் சமரசம் செய்துகொண்டு கையெழுத்துப் போட்டார். நிர்வாகத்தில் 2004 வரை இருந்தார், பிறகு பியேர் லூர்த்தோன் வந்தார். பழைய ஈகெம் பாட்டில்களில் தோட்டத்தின் பெயருக்குக் கீழே லூர்-சலூஸ் என்று அச்சிட்டிருக்கும். கைமாறிய பிறகு அந்த இடத்தில் ஸோத்தேர்ன் என்று வட்டாரப் பெயர் வந்துவிட்டது.

அண்ணனைத் துரோகி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1804 சட்டமும் பங்கு முறையும் சேர்ந்தால் இந்த நாள் வந்தே தீரும். வராமல் இருந்த குடும்பங்களைப் பார்த்தால், பெரும்பாலும் வாரிசுகள் குறைவாக இருந்திருப்பார்கள். மூத்தோனை 1853-ல் ஏலத்தில் எடுத்த நத்தானியேல் த ரோத்ஷில்டின் கொள்ளுப்பேரன்தான் முன்பு சொன்ன பிலிப். 1988-ல் அவர் இறந்தபோது வாரிசு ஒரே மகள், ஃபிலிப்பீன். பிரிக்க ஆளே இல்லை. நாடக நடிகையாக இருந்த அவர் தோட்டத்தை எடுத்து நடத்தினார். 2014-ல் அவருக்குப் பிறகு மூன்று பிள்ளைகள் கூட்டாக வைத்திருக்கிறார்கள். இவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் அந்தக் குடும்பத்துக்குச் சோதனை.

இப்போதைய நிலை

பிரான்சில் பெற்றோர் சொத்துக்கு வாரிசு வரி உச்ச அடுக்கில் 45 சதவீதம். பர்கண்டி போன்ற இடங்களில் ஒயின் நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போயிருக்கிறது. கோடிக்கணக்கில் மதிப்புள்ள பர்கண்டி நிலத்தை வைத்துக்கொண்டு டிராக்டர் ஓட்டும் விவசாயி ஒருவர் இறந்தால், பிள்ளைகள் வரி கட்டுவதற்காகவே ஒரு துண்டை விற்க வேண்டி வரும். வாங்க வரிசையில் நிற்பவர்கள் வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், பெரும் பணக்காரர்கள்.

இதைச் சமாளிக்க டுட்ரேய் ஒப்பந்தம் என்று ஒரு வழி இருக்கிறது, 2003-ல் வந்த சட்டத்தின் பெயரில் அழைக்கப்படுவது. குடும்பத்தார் கூடிப் பங்குகளைச் சில வருடங்களுக்கு விற்க மாட்டோம், எங்களில் ஒருவர் நிர்வாகத்தில் இருப்பார் என்று எழுதிக் கொடுத்தால், பங்கு மதிப்பில் முக்கால் பாகத்துக்கு வாரிசு வரி கிடையாது. இன்று குடும்பத் தோட்டங்கள் பல தாக்குப்பிடிப்பது இதனால்தான். ஆனால் போதுமான அளவு பங்கு வைத்திருப்பவர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். பெரிய பங்கு வைத்திருப்பவர் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் திட்டம் இழுபறியாகலாம். ஒயின் ஊர்களில் நோட்டரிகளுக்கு வேலை குறையாததற்கு இதுவும் ஒரு காரணம்.

லூர்-சலூஸ் குடும்பம் தொழிலை விட்டுவிடவில்லை. ஈகெம் போனாலும் 1472-ல் முதல் கல்யாணத்தில் வந்த ஃபார்க் அவர்களிடமே இருக்கிறது. கோட்டை 1687-ல் தீப்பிடித்துக் கருகியது, தோட்டம் ஈகெமோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. சுருங்கிய பழத்தை மட்டும் பொறுக்கும் அதே முறையில்தான் அங்கேயும் ஒயின் செய்கிறார்கள். ஈகெமை விட்டு வந்த அலெக்சாந்தர் தன் கடைசிக் காலத்தை அங்கேதான் செலவிட்டார். 2023-ல் அவர் காலமானார். இப்போது மகன் நடத்துகிறார்.